ஆற்றில் இட்டுக் குளத்தில் எடுத்த பொன்

விருத்தாசலத்தில் பஸ் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். நான் நீட்டிய நூறு ரூபாய் நோட்டைக் கண்டக்டர் ஒரு தரம் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். சில்லறை இல்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பார்வை அது. பிறகு டிக்கெட்டின் முதுகில் மீதித் தொகையைக் கிறுக்கிக் கொடுத்து, "இறங்கறப்போ வாங்கிக்குங்க, சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்துவிட்டார்.

அந்தத் துண்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த பஸ்ஸுக்குள் இது பணந்தான். பின்னால் வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் இதை நீட்டினால்? சிரிப்பார். அவருடைய பை வேறு, அவருடைய கணக்கு வேறு. ஒரு கணக்கில் இருக்கும் பணத்தை இன்னொரு கணக்கு எப்படி நம்பி ஏற்றுக்கொள்வது? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் அதற்கு விடை தேடிப் போனவர்கள் கோடிகளைச் சம்பாதித்திருக்கிறார்கள். கோடிகளைத் தொலைத்தும் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வியைப் பற்றிய பழைய கதை ஒன்று இதே மண்ணில் பிறந்திருக்கிறது.

விருத்தாசலம் என்றால் இன்றைக்குப் பீங்கான் பொம்மை ஞாபகம் வரும். பெரிய புராணத்தில் அதற்குத் திருமுதுகுன்றம் என்று பெயர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்கே பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். பொன் வேண்டியிருந்ததோ திருவாரூரில், பரவை நாச்சியாருக்கு. வழியிலே கள்வர் பயம். "மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று உத்தரவாயிற்று. சுவாமிகள் அப்படியே ஆற்றில் போட்டார். ஆனால் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். அந்தப் பொன்னிலிருந்து கொஞ்சம் வெட்டி, மச்சமாகத் தம் கையோடு எடுத்துக்கொண்டார்.

திருவாரூரில் கமலாலயத்தில் இறங்கித் தேடியபோது, ஆற்றிலே போட்டதைக் குளத்திலே தேடுகிறாரே என்று பரவையாருக்குச் சிரிப்பு வந்தது. பாடிய பிறகு பொன் கிடைத்தது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால், மாற்றுக் குறைகிறது! மறுபடி பாடினார், மாற்றும் சரியாயிற்று. அன்று உரைத்துப் பார்த்தவர் விநாயகர் என்று சொல்லித் திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையாரை இன்றும் காட்டுகிறார்கள்.

கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் அதில் இருக்கும் கணக்குச் சாமர்த்தியத்தையாவது கவனியுங்கள். அனுப்பியவர் தெய்வமே ஆனாலும், வந்து சேர்ந்ததை உரைத்துப் பார்த்துத்தான் வாங்கினார் சுந்தரர்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதே காரியத்தைத் தெய்வத்தின் உதவி இல்லாமல் செய்துகாட்டினார்கள். ரங்கூனில் பிழைக்கப் போன ஒருவர் ஊருக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொகல் தெருவில் இருந்த கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டுவார். அங்கே இருக்கும் ஏஜண்டு ஓர் உண்டியல் எழுதிக் கொடுப்பார். கண்டவுடன் பணம் தர வேண்டிய உண்டியலும் உண்டு; தவணை கழித்துத் தர வேண்டியதும் உண்டு. காகிதம் தபாலில் ஊருக்கு வரும். அதைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரர் விலாசத்தைப் பார்ப்பார். விலாசம் என்றால் தெருப் பெயர் அல்ல, கடையின் முதலெழுத்துக்கள். கையெழுத்தைப் பார்ப்பார், தமக்கு வந்த கடிதத்தோடு ஒத்துப் பார்ப்பார், பிறகுதான் பெட்டியைத் திறப்பார். ரங்கூன்ப் பேரேட்டில் ஒரு வரி, ஊர்ப் பேரேட்டில் ஒரு வரி. ரூபாய் கப்பல் ஏறவே இல்லை, செய்திதான் ஏறியது.

செய்தி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அந்தப் பக்கம் இருக்கும் சொத்தும் இருக்க வேண்டும். பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதல் எழுபத்தைந்து கோடி ரூபாய் என்று, 1929-30ல் அந்நாட்டு வங்கித் தொழிலை விசாரித்த கமிட்டி மதிப்பிட்டது. பிறகு நெல் விலை விழுந்தது. கடன்பட்டவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் பேருக்கு வந்து சேர்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு நிலங்கள் தேசவுடைமை ஆயின. செட்டிநாட்டுப் பேரேடுகளில் இலட்சங்கள் இலட்சங்களாகவே இருந்தன. எழுத்து அழியவில்லை, எழுத்துக்குப் பின்னால் இருந்த நிலந்தான் போய்விட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2008ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஜனவரியில் பிட்காயின் என்ற பேரேடு திறக்கப்பட்டது. முதலாளி கிடையாது, கணக்கப்பிள்ளை கிடையாது. ஒரே பேரேட்டின் நகல் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். ஒரு பக்கத்தை ஒருவர் திருத்தினால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கங்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் பிளாக்செயின் என்று பெயர். 2015ல் எதீரியம் வந்தது, அப்புறம் எத்தனையோ.

இந்தப் பேரேடுகளுக்கு ஒரு குணம் உண்டு. தம் வீட்டுக்குள் நடப்பதைத் துல்லியமாக அறியும். அடுத்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்காது. ஆகையால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போக வேண்டுமானால் பழைய உண்டியல் வேலைதான். இங்கே பணத்தைப் பூட்டி வைக்க வேண்டியது. பூட்டிய செய்தியை அங்கே சொல்ல வேண்டியது. அந்தச் செய்தியை நம்பி அங்கே அதற்கு ஈடாகப் புதுக் காசு அடித்துக் கொடுக்க வேண்டியது. இதற்குப் பாலம் என்று பெயர் வைத்தார்கள். பாலத்தின்மேல் நடப்பது பணம் அல்ல, செய்தி. ஆகவே, செய்தியை உரைத்துப் பார்ப்பவர் யார் என்பதுதான் முழு விஷயமும்.

2022ஆம் ஆண்டு இந்தப் பாடத்தை மூன்று தடவை சொல்லிக்கொடுத்தது. பிப்ரவரியில் வோர்ம்ஹோல் என்ற பாலத்தில், காவலர்களின் கையெழுத்தைச் சோதிக்கும் இடத்தையே ஒருவர் ஏமாற்றினார். எதிர்ப் பக்கத்தில் எதுவும் பூட்டாமலே 1,20,000 ஈதருக்குக் காசு அடித்துக்கொண்டார். அன்றைய மதிப்பில் சுமார் 32 கோடி டாலர்.

மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். ரோனின் பாலத்துக்கு ஒன்பது காவலர்கள். ஐந்து பேர் கையெழுத்திட்டால் பெட்டி திறக்கும். நான்கு சாவிகள் ஒரே கம்பெனியிடம் இருந்தன. ஐந்தாவது காவலருக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தையும், கூட்டம் அதிகமாக இருந்த சமயத்தில் அதே கம்பெனிக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். கூட்டம் குறைந்தது, அதிகாரத்தைத் திரும்ப வாங்க மறந்துபோனார்கள். திருடர்களுக்கு ஒரே வீட்டில் ஐந்து சாவியும் கிடைத்தன. சுமார் 62 கோடி டாலர் போயிற்று. ஆறு நாள் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவர் தம் பணத்தை எடுக்கப் போய், எடுக்க முடியாமல் முறையிட்ட பிறகுதான் பெட்டி காலி என்று தெரிந்தது!

ஆகஸ்டில் நோமாட். நிரலைப் புதுப்பித்தபோது நேர்ந்த ஒரு பிழையால், உரைத்துப் பார்க்காத செய்தியையும் உரைத்துப் பார்த்ததாக அந்தப் பாலம் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. ஒருவர் எடுத்தார், அவர் எழுதியதைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி எழுதி நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்தார்கள். சுமார் 19 கோடி டாலர், சில மணி நேரத்தில்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. காஸ்மாஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பேரேடுகள் 2021ல் ஒரு முறையைக் கைக்கொண்டன. ஐ.பி.சி. என்று பெயர். ஒவ்வொரு பேரேடும் அடுத்த பேரேட்டுப் பக்கங்களின் சுருக்கத்தைத் தன் கையோடு வைத்துக்கொள்ளும். செய்தி வந்ததும் அந்தச் சுருக்கத்தோடு ஒத்துப் பார்க்கும். செய்தியைத் தூக்கி வருகிறவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவனால் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. குறித்த கெடுவுக்குள் செய்தி சேராவிட்டால், பூட்டிய பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இதிலும் ஓட்டையே விழாது என்று சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டார்கள். திருடர்கள் காண்பதற்கு முன்னால் அடைத்துவிட்டார்கள். இருந்தாலும், பிறர் சொல்லை நம்புவதற்குப் பதில் கையில் மச்சம் வைத்துக்கொள்வது என்ற யோசனை இருக்கிறதே, அது சுந்தரருடைய யோசனை!

கருவேப்பிலங்குறிச்சி வந்துவிட்டது. கண்டக்டர் மறக்கவில்லை. சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தார். டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, பின்னால் எழுதியிருந்த எண்ணின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். அதையே காட்டி இரண்டாம் முறை நான் கேட்டுவிடக் கூடாது அல்லவா?

"எண்ணிப் பாத்துக்குங்க, சார்" என்றார்.

நல்ல மனிதர். முகத்தைப் பார்த்தாலே நம்பலாம். இருந்தாலும் பஸ் புறப்படுவதற்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சில்லறையைச் சட்டைப்பையில் போட்டேன்.