மூடுபனி விளக்கு

மூடுபனி விளக்கு என்பது மூடுபனி, கடும் மழை, தூசிப்படலம் ஆகியவற்றால் பார்வைத்தொலைவு குறையும்போது பயன்படுத்துவதற்காக ஊர்திகளில் பொருத்தப்படும் துணை விளக்கு ஆகும். இது முன்புற விளக்கு, பின்புற விளக்கு என இருவகைப்படும். முன்புற விளக்கு வெண்ணிற அல்லது மஞ்சள் நிற ஒளியையும், பின்புற விளக்கு சிவப்பு நிற ஒளியையும் தரும். மூடுபனியை ஊடுருவும் ஆற்றல் இவ்விளக்குக்கு உண்டு என்று பரவலாகக் கருதப்படுகிறது. இது சரியன்று. தாழ்வாகப் பொருத்தப்படுவதும், மேல்நோக்கி ஒளியைச் சிதறவிடாத அமைப்புமே இதன் பயனுக்குக் காரணம். பழுதான விளக்கை மாற்றும்போதும் புதிதாகப் பொருத்தும்போதும் இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

செயல்படும் முறை

கிடைமட்டப் பார்வைத்தொலைவு 1 கி.மீ.க்கும் குறைவாக இருக்கும் நிலையே வானிலையியலில் மூடுபனி எனப்படுகிறது. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளே இதன் உள்ளடக்கம். முகப்பு விளக்கின் உயர்கற்றையை எரியவிட்டால் அத்துளிகள் ஒளியை ஓட்டுநரின் கண்ணை நோக்கியே சிதறடிக்கின்றன. இதனால் ஊர்தியின் முன் ஒரு வெண்சுவர் எழுந்தது போலத் தோன்றும்.

மூடுபனி விளக்கின் ஒளிக்கற்றை அகன்றும் தட்டையாகவும் இருக்கும். அதன் மேல்விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கும். விளக்கு தரைக்கு அருகில் இருப்பதால், ஒளி ஓட்டுநரின் பார்வைக்கோட்டுக்குக் கீழாகச் சென்று சாலையின் அருகுப் பகுதியையும் ஓரக்கோடுகளையும் காட்டுகிறது. ஆகவே இது தொலைவிலுள்ள பொருளைக் காண உதவும் விளக்கு அன்று.

மஞ்சள் ஒளி பற்றிய கருத்து

மஞ்சள் ஒளி மூடுபனியை எளிதில் கடக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. காற்று மூலக்கூறுகள் போன்ற மிகச் சிறிய துகள்களே நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். மூடுபனித் துளிகளின் விட்டம் பொதுவாகச் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் ஆகும். அலைநீளத்தைவிடத் துளி பல மடங்கு பெரிதாக இருப்பதால் எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சமமாகவே சிதறுகின்றன. மூடுபனி வெண்மையாகத் தோன்றுவதும் இதனாலேயே. எனினும் நீலம் நீக்கப்பட்ட ஒளியில் கூச்சம் குறைவதாகச் சிலர் உணர்கின்றனர். பிரான்சு நாட்டில் 1936 முதல் 1993 வரை ஊர்திகளின் முகப்பு விளக்குகளுக்கே மஞ்சள் ஒளி கட்டாயமாக இருந்தது.

தருமபுரி மாவட்டத்தில்

தருமபுரி மாவட்டத்தில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைகளில் மூடுபனி காணப்படுவதுண்டு. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைச்சாலைகளில் வளைவுகளின் ஓரத்தைக் கண்டறிய அகன்ற தாழ்கற்றை பெரிதும் உதவும்.

மாவட்டத்தின் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, 2010 ஆம் ஆண்டு எண்கள் மாற்றப்படும் முன் தேசிய நெடுஞ்சாலை 7 என அழைக்கப்பட்டது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும்போது தொப்பூர் கணவாயில் இச்சாலை நீண்ட இறக்கமாக அமைந்துள்ளது. 2020 திசம்பரிலும் 2024 சனவரியிலும் இங்கு நிகழ்ந்த தொடர் மோதல்கள் ஒவ்வொன்றிலும் நால்வர் உயிரிழந்தனர். கட்டுப்பாட்டை இழந்த சரக்குந்துகள் முன்னே சென்ற ஊர்திகள் மீது மோதியதால் நேர்ந்த விபத்துகள் இவை. இத்தகைய விபத்தை மூடுபனி விளக்கு தடுத்துவிடாது. ஆயினும் சரக்குந்துகள் மெதுவாக ஊர்ந்து செல்லும் இத்தகைய சாலையில் பார்வைத்தொலைவும் குறையுமாயின், முன்செல்லும் ஊர்தியைக் காண்பதும் பின்வரும் ஊர்திக்குத் தெரிவதும் ஒன்றுபோல் இன்றியமையாதவை. இந்தியாவில் ஓடும் பல மகிழுந்துகளில் பின்புற மூடுபனி விளக்கு இருப்பதில்லை. முன்புற விளக்கை மேம்படுத்த எண்ணுவோர் இதனையும் கருதலாம்.

தெரிவு செய்தல்

மாற்று விளக்கைத் தெரிவு செய்யும்போது முதலில் குமிழின் வகையை அறிதல் வேண்டும். இது ஊர்தியின் கையேட்டிலும் பழைய குமிழின் அடிப்பகுதியிலும் குறிக்கப்பட்டிருக்கும். பரவலாகப் பயன்படும் 12 வோல்ட்டு ஆலசன் குமிழ்கள் சில:

- எச் 8: 35 வாட்டு, ஏறத்தாழ 800 லூமென்
- எச் 11: 55 வாட்டு, ஏறத்தாழ 1350 லூமென்
- எச் 16: 19 வாட்டு, ஏறத்தாழ 500 லூமென்

இம்மூன்றின் அடிப்பகுதிகளும் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. தவறான குமிழைப் பொருத்திவிடாதிருக்க அவற்றின் பற்கள் மட்டும் வேறுபடுத்தப்பட்டுள்ளன. அப்பற்களைச் செதுக்கி, 19 வாட்டு குமிழுக்கான கூட்டில் 55 வாட்டு குமிழைப் பொருத்தினால் வெப்பத்தால் நெகிழிக்கூடு உருகக்கூடும்.

ஆலசன் குமிழுக்கெனச் செய்யப்பட்ட கூட்டில் எல்.ஈ.டி. குமிழை மட்டும் மாற்றிப் பொருத்துவதும் வழக்கத்தில் உள்ளது. எதிரொளிப்பானின் வளைவு, ஆலசன் இழை இருக்கும் இடத்தைக் கொண்டே வடிவமைக்கப்படுகிறது. ஒளி தோன்றும் இடமோ அதன் வடிவமோ மாறினால் கற்றையின் மேல்விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறும். அப்போது விளக்கு முன்னிலும் பொலிவாகத் தோன்றினாலும், மூடுபனியில் பார்வை குறைவதோடு எதிரே வருவோரின் கண்ணும் கூசும். எல்.ஈ.டி. விரும்புவோர் வில்லை, எதிரொளிப்பான், குமிழ் ஆகியவை ஒன்றாக வடிவமைக்கப்பட்ட முழு விளக்கையே வாங்குதல் நன்று. பன்னாட்டுச் சான்று பெற்ற விளக்கின் வில்லையில் வட்டத்துக்குள் அமைந்த ஆங்கில ஈ எழுத்தும், முன்புற மூடுபனி விளக்கைக் குறிக்கும் பி அல்லது எஃப் 3 என்ற குறியும் காணப்படும்.

பொருத்துதல்

இந்தியாவில் ஊர்தி விளக்குகளின் அமைவிடம் ஏ.ஐ.எஸ். 008 தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஐ.நா.வின் 48 ஆம் ஒழுங்குவிதிப்படி, மகிழுந்தின் முன்புற மூடுபனி விளக்குகள் தரையிலிருந்து 250 மி.மீ.க்குக் குறையாமலும் 800 மி.மீ.க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். அவை முகப்பு விளக்கின் தாழ்கற்றை மட்டத்துக்கு மேலே அமையக்கூடாது. கூரையின் மேல் பொருத்தப்படும் விளக்கு இப்பயனைத் தராது.

புதிதாகப் பொருத்தும்போது மின்சுற்றில் ரிலே, உருகி ஆகிய இரண்டும் இருத்தல் கட்டாயம். 55 வாட்டு குமிழ் ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். இரண்டும் சேர்ந்து 9.2 ஆம்பியர் எடுப்பதால் 15 ஆம்பியர் உருகி போதுமானது. 100 வாட்டு குமிழ்கள் இரண்டும் 16.7 ஆம்பியர் எடுக்கும். உருகி எரிந்துபோவதைத் தவிர்க்க அதனினும் பெரிய உருகியை இட்டால், வழக்கமான கம்பிகள் சூடேறித் தீப்பற்றும் இடர் உண்டு. பணியின் படிநிலைகள் பின்வருமாறு:

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுதல்.
2. விளக்குகளைப் பம்பரின் உரிய குழிவில் அசையாதவாறு பொருத்துதல்.
3. மின்கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே உருகியை அமைத்து, அங்கிருந்து ரிலேயின் 30 ஆம் முனைக்குக் கம்பி இழுத்தல்.
4. 87 ஆம் முனையை விளக்குகளுடன் இணைத்தல்.
5. 86 ஆம் முனையை நிறுத்தவிளக்குச் சுற்றிலிருந்து வரும் சொடுக்கியுடனும், 85 ஆம் முனையை ஊர்தியின் உடற்பகுதியுடனும் இணைத்தல். இதனால் ஊர்தியை நிறுத்தி விளக்குகளை அணைக்கும்போது மூடுபனி விளக்கும் அணைந்துவிடும்.
6. கம்பிகளை இயந்திரத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து விலக்கி, பாதுகாப்புக் குழாயினுள் கட்டுதல்.

இறுதியாகக் கற்றையைச் சீரமைத்தல் வேண்டும். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீ. தொலைவில் ஊர்தியை நிறுத்தினால், கற்றையின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 முதல் 20 செ.மீ. தாழ்வாக விழுதல் வேண்டும். கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக.

பயன்பாடும் வரம்பும்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் மகிழுந்து, ஓட்டுநர் இடரை உணர்ந்து முழுதாய் நிற்பதற்குள் சமதளத்திலேயே ஏறத்தாழ 50 மீ. கடந்துவிடும். 30 கி.மீ. வேகத்தில் இது ஏறத்தாழ 20 மீ. ஆகக் குறையும். ஈரச்சாலையிலும் இறக்கத்திலும் இத்தொலைவு கூடும். எத்தகைய விளக்காயினும் மூடுபனியில் காணக்கூடிய தொலைவை இதற்கேற்ப நீட்டிவிடாது. ஆகவே காணும் தொலைவுக்குள் நிறுத்தத்தக்க வேகத்தில் செல்லுதலே முதன்மையான காப்பு. மூடுபனி விலகியதும் இவ்விளக்குகளை அணைத்துவிடுதல் வேண்டும். குறிப்பாகப் பின்புற விளக்கு தெளிந்த வானிலையில் பின்வருவோரின் கண்ணைக் கூசச்செய்வதோடு, நிறுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கையும் மறைத்துவிடும்.