பாலாற்றங்கரையில் பிறந்த சட்டம்

1911 ஏப்ரலில் தனி மாவட்டமாகும் வரை, வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். பிறகு வேலூர் ஒரு பக்கம், சித்தூர் ஒரு பக்கம் என்றாயின. பாலாறு மட்டும் இரு பக்கத்துக்கும் பொது. கர்நாடகத்தில் பிறந்து, சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகக் கிழக்கே போகிறது.

அந்தக் கரையில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தால் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். குரோம் முறை வந்ததும் அந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது, ஏற்றுமதியும் பெருகியது. கெடாமலிருக்க உப்புப் போட்ட பச்சைத் தோலை முதலில் ஊறவைத்து அலசுவார்கள். அந்தத் தண்ணீரில் கரைந்து வரும் உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. அது வயலுக்குப் போனது, கிணற்றுக்குப் போனது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனபோது கேடு முற்றியிருந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதாகத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அந்தத் தீர்ப்பில், முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. பெரும் கேடு வரும் என்று அஞ்சக் காரணமிருந்தால், அறிவியல் முழு உறுதி சொல்லவில்லை என்று தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. 1992 ரியோ மாநாடும் இதைத்தான் சொன்னது. தன் தொழிலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பும் ஆலைக்காரர் தலையில் ஏறியது. கிணறு கெட்டவனே சாட்சி தேடி அலைந்த காலத்திலிருந்து அது பெரிய மாற்றம்.

ஐதராபாத்தின் குடிநீர் ஏரிகளான உஸ்மான் சாகர், இமாயத் சாகர் அருகே எண்ணெய் ஆலை ஒன்று வரவிருந்தபோது, 1999இல் அதே கொள்கையை உச்ச நீதிமன்றம் இன்னும் விரித்துரைத்தது. இங்கே கேடு வருமுன்பே கேள்வி எழுந்தது. எழ வேண்டிய நேரம் அதுதான்.

பருவநிலை மாற்றத்திலும் “இன்னும் உறுதியாகட்டும்” என்போர் பாலாற்றைப் பார்க்க வேண்டும். காற்றில் சேரும் கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும்; காத்திருப்பதன் விலை அங்கே இன்னும் அதிகம்.

1996 தீர்ப்பு வந்தும் பாலாறு மீளவில்லை. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு கொடுத்து, அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.