பழைய வாத்தியத்தின் ஜாதகம்

எனக்கு ஸங்கீதம் கேட்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. என் தாயார் வைத்துவிட்டுப் போன வீணை ஒன்று உறை போட்டபடி வீட்டு மூலையில் சாய்ந்திருக்கிறது. மாதம் ஒரு முறை அதைத் துடைப்பதோடு என் ஸங்கீத சேவை முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட என்னை, 2024-ம் வருஷக் கோடையில், அமெரிக்காவில் ஒரு கிதார் பேரத்துக்கு மத்தியஸ்தம் செய்ய அழைத்துப் போனான் என் மருமான்.

என் தமக்கையின் மகன். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வேலை. வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர், மற்ற இரண்டு நாள் பாஸ் கிதார். இரண்டு வருஷமாகச் சேர்த்த எண்ணாயிரம் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தான்.

"1964-ல் செய்த ஃபெண்டர் பிரிஸிஷன், மாமா. ஒரு பெரியவர் விற்கிறார். எண்ணாயிரம் சொல்கிறார். அசலாக இருந்தால் அதற்கு மேலேயே போகும்."

"புதிதாக வாங்கினால் என்ன விலை?"

"நாலில் ஒரு பங்குக்கு நல்லதாகவே கிடைக்கும்."

"அப்படியானால் புதிதையே வாங்கிவிட்டுப் போயேன்!"

கோயிலுக்கு வந்தவனிடம், 'இந்த விக்கிரகத்தைவிட நல்லதாக ஸிமெண்டில் செய்து தருகிறேன்' என்று சொன்னால் எப்படிப் பார்ப்பானோ, அப்படி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில் தேடத்தான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கிதாரைவிட அதைச் செய்த மனிதரிடம்தான் எனக்கு மோகம் உண்டாயிற்று.

லியோ ஃபெண்டர் 1909-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆரஞ்சுத் தோட்டக்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண் போய்க் கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டார். கணக்கர் உத்தியோகம் பார்த்து, அதுவும் போன பிறகு, 1938-ல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை திறந்தார். உலகத்துக்கே கிதார் செய்து கொடுத்த இந்த மனிதர், கிதார் வாசிக்கக் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை! வாத்தியக்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். சுளிப்பு நிற்கிறவரையில் மாற்றி மாற்றிச் செய்வார். சொந்தமாக வாசிக்கத் தெரிந்திருந்தால் தமக்குப் பிடித்ததைச் செய்திருப்பார். தெரியாததனால்தான் பிறருக்குப் பிடித்ததைச் செய்தார் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் கீழ் ஸ்வரம் வாசிக்க இருந்த வாத்தியம் டபுள் பாஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ராட்சஸப் பிடில் அது. காரில் ஏற்றினால் காரில் இடமிருக்காது. டிரம்மும் மின்சார கிதாரும் முழங்கும் நடனக் கூடத்தில் அதன் குரல் எடுபடவும் எடுபடாது. பிடிலைப் போலவே அதற்கும் மெட்டுக் கிடையாது. விரல் ஒரு நூல் தவறினால் சுருதி போய்விடும். லியோ ஃபெண்டர் 1951-ல் இதற்கு ஒரு வழி பண்ணினார். கெட்டிப் பலகை, நாலு தந்தி, 34 அங்குலத் தந்தி நீளம், வீணையைப் போல மெட்டுகள். மெட்டு இருப்பதால் ஸ்வரம் கச்சிதமாக விழுமல்லவா? அந்தக் கச்சிதத்தைத்தான் 'பிரிஸிஷன்' என்று பெயராக வைத்தார்.

அவர்தான் முதல்வர் என்று சொல்லிவிட முடியாது. ஸியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930-களின் நடுவிலேயே மெட்டு வைத்த மின்சார பாஸ் ஒன்றைச் செய்து விற்றிருக்கிறார். வாங்கத்தான் ஆளில்லை. சரித்திரம் முதலில் செய்தவனை விட்டுவிட்டு, முதலில் விற்றவனை நினைவு வைத்துக்கொள்வது புதிதா என்ன?

பிரிஸிஷனுக்கு 1957-ல் புதிய பிக்-அப்பும் புதிய தலையும் வந்தன. 1960-ல் கழுத்து ஒடுக்கமான ஜாஸ் பாஸ் பிறந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் தம் கம்பெனியை ஸி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்புக் கம்பெனிக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். தீராத தொற்று நோய் ஒன்று அவரை வருத்தியது. நெடுநாள் இருக்க மாட்டோம் என்று நினைத்துவிட்டார்.

பழைய கிதார் வாங்குகிறவர்களுக்கு இந்த 1965 கி.மு., கி.பி. மாதிரி. அதற்கு முன் செய்ததெல்லாம் பொன், பின் செய்ததெல்லாம் தகரம் என்பார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை ஏற்படவில்லை. கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையிலும் அதே தொழிலாளிகள்தான் அதே மேஜைகளில் உட்கார்ந்து அதே பெட்டியிலிருந்து அதே திருகாணிகளை எடுத்திருப்பார்கள். கெடுதல் மெள்ள மெள்ள வந்தது. உற்பத்தி பெருகிற்று, 1960-களின் கடைசியில் மெல்லிய பழைய வார்னிஷ் போய்க் கண்ணாடி மாதிரி கெட்டியான பாலியெஸ்டர் பூச்சு வந்தது, 1970-களில் பல கிதார்கள் தோளை முறிக்கும் கனத்தில் வந்தன. ஆனால் கெட்டது கெட்டது என்று எல்லோரும் சொன்ன அந்த எழுபதுகளின் கிதாருக்கும் இப்போது பழைய சரக்கு என்று விலை ஏறிவிட்டது.

லியோ ஃபெண்டர் சாகவில்லை. வைத்தியரை மாற்றினார், பிழைத்துக்கொண்டார். மறுபடி பட்டறையில் உட்கார்ந்து, 1976-ல் மியூஸிக் மேன் என்ற கம்பெனிக்காக பாட்டரி போட்ட புது விதமான பாஸ் செய்தார். அதற்கப்புறம் ஜி அண்ட் எல் என்று இன்னொரு கம்பெனி ஆரம்பித்து, 'இதுவரை நான் செய்ததில் இவைதான் சிறந்தவை' என்கிற தோரணையில் பேசினார். 1991 மார்ச்சில் இறப்பதற்கு முதல் நாள்கூட வேலைக்குப் போயிருந்தார். இவருடைய பழைய கிதார்களுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிறவர்கள் இவர் பேச்சை மட்டும் கேட்கவில்லை! அவர் விற்றுவிட்டுப் போன கம்பெனியோ, 1982-ல் பழைய மாதிரிகளையே மறுபடி செய்யத் தொடங்கிற்று. 1995-ல் இன்னும் ஒரு படி மேலே போய், புதுக் கிதாரைச் சுரண்டி, தேய்த்து, துருவேற்றிப் பழசாக்கி விற்றது. புதுசைவிட அதற்கு விலை அதிகம்.

இத்தனையும் படித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனோம்.

எழுபத்தைந்து வயதிருக்கும். 1978-ல் வாங்கினாராம். கல்யாணங்களிலும் மாதாகோவிலிலும் 46 வருஷம் வாசித்திருக்கிறார். முதுகு வலி, இனி நின்று வாசிக்க முடியாது. கிதார் பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. கழுத்தைப் பலகையோடு சேர்க்கும் இரும்புத் தகட்டில் 'எல்' என்ற எழுத்தும் ஐந்து இலக்கமும் பொறித்திருந்தன. 1962 கடைசியிலிருந்து 1965 வரை அப்படித்தான் பொறித்தார்கள். என் மருமானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் தகடு எதற்கும் சாட்சியல்ல. தொழிற்சாலையில் பெட்டியில் கை விட்டு அகப்பட்ட தகட்டை எடுத்து முடுக்குவார்கள். நாலு திருகாணியைக் கழற்றினால் யாரும் எந்தத் தகட்டையும் மாற்றலாம்.

அவருடைய அனுமதியோடு கழுத்தைக் கழற்றினான். அடிப்பாகத்தில் தேதி முத்திரை இருக்க வேண்டிய இடத்தை யாரோ உப்புக் காகிதத்தால் தேய்த்திருந்தார்கள். அடுத்தாற்போல் மேல் தகட்டை எடுத்தான். பலகையில் சிறு ஆணித் துளைகள் இருந்தன. அவை இருப்பது நல்ல சகுனம்; வர்ணம் அடிக்கும்போது பலகையை ஆணிகளின்மேல் தூக்கி நிறுத்துவது அந்நாள் வழக்கம். ஆனால் ஆணியைப் பிற்பாடு பிடுங்குவதனால் துளைக்குள் வர்ணம் போயிருக்கக் கூடாது. இங்கே போயிருந்தது. யாரோ மறுபடி வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

கடைசியில் வால்யூம் குமிழைத் திருப்பிப் பார்த்தான். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்களுக்குத் தெரியும். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் சில இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் மூன்றும் அதைச் செய்த கம்பெனியின் எண். பிறகு வருஷம், பிறகு வாரம். 137 என்று ஆரம்பித்து, 66 என்று வந்தது. 1966! ஃபெண்டர் தொழிற்சாலை 1966-ல் இந்தச் சாமானை மூட்டை மூட்டையாக வாங்கி 1969 வரைகூட உபயோகித்தது என்கிறார்கள். ஆகவே கிதார் எப்போது செய்தது என்பதை இந்த எண் சொல்லாது. இதற்கு முன் செய்ததில்லை என்பதை மட்டும் சொல்லும். 1964-ல் செய்த கிதாருக்குள் 1966-ம் வருஷத்துச் சாமான் எப்படி வரும்? ஈயம் பற்றவைத்த இடமும் ஒன்று மங்கல், ஒன்று பளபளப்பு.

பலகை ஒரு வருஷம், வயிற்றுக்குள் ஒரு வருஷம், கழுத்துக்கு வருஷமே இல்லை. ஜாதகத்தில் இத்தனை கோளாறு.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்றுகிறவர் முகம் அல்ல அது. அவரும் 1978-ல் 64 என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். "பால் மக்கார்ட்னி கிதாருக்குக்கூட மறுபடி வர்ணம் அடித்தார்களே!" என்று மட்டும் சொன்னார்.

உண்மைதான். அந்த விவகாரம் அந்த வருஷம்தான் பத்திரிகைகளில் அடிபட்டது. பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த மக்கார்ட்னி, 1961-ல் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுனுக்கு ஒரு ஜெர்மன் ஹோஃப்னர் பாஸ் வாங்கினார். ஃபெண்டர் வாங்கக் காசில்லை. அவர் இடது கைக்காரர். பிடில் வடிவத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம். 1964-ல் அதற்கு வர்ணத்தைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்தார்கள். 1972 அக்டோபரில் லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு வண்டியிலிருந்து அது திருட்டுப் போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதைத் தேடுவதற்கென்றே கிளம்பிய சிலருடைய முயற்சியால், தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியாயிற்று. பிற்பாடு வாங்கிய ஹோஃப்னரில் பிக்-அப் இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். இந்த 1961-ல் இரண்டும் கழுத்துப் பக்கம் நெருங்கி நிற்கும். இது போன்ற அடையாளங்களைப் புகைப்படங்களோடு ஒத்துப் பார்த்துத்தான் 'இதுவே அது' என்றார்கள். அவ்வருஷம் டிசம்பரில் லண்டன் மேடையில் அவர் அதை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

புது வர்ணம் அடித்ததற்காக அந்தக் கிதாரின் மதிப்பை யாரும் பாதியாக்கவில்லை. கல்யாண வீடுகளில் வாசித்தவர் கிதாருக்கோ அதே வர்ணத்துக்காகப் பாதி விலை என்பது வியாபாரிகளின் கணக்கு. இதை எப்படி அவரிடம் சொல்வது?

பேச்சை மாற்ற, "ஒலியில் வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டேன். அவரிடம் ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய புது பிரிஸிஷனும் இருந்தது. இரண்டிலும் தட்டையாக நாடா சுற்றிய தந்தியே கட்டியிருந்தார். டெட்ராயிட்டில் மோட்டவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன் இத்தகைய தந்தியைத்தான் கட்டியிருந்தாராம். அறுந்தாலொழிய மாற்ற மாட்டாராம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். என் மருமான் இரண்டையும் மாற்றி மாற்றி ஆறு தடவை வாசித்தான். எனக்கு மூன்று சரி, மூன்று தப்பு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே பலன்தான். அவனுடைய காதும் நாலைத் தாண்டவில்லை.

பெரியவர் எழுந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "இரண்டில் ஒன்றைக் கையில் கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். இடது கைக் கட்டை விரல் கழுத்தின் பின்புறத்தில் பட்டதுதான் தாமதம். தந்தியைத் தொடவே இல்லை. "இது என்னுடையது" என்றார்.

விலை நாலாயிரத்தில் படிந்தது. கழுத்தை மறுபடி பொருத்தும்போது திருப்புளியை என் மருமானிடம் கொடுக்காமல், நாலு திருகாணியையும் அவரே முடுக்கினார். வாசல்வரை வந்தார்.

"கேட்கிறவர்களிடம் எந்த வருஷம் என்று சொல்லுவாய்?"

"1966" என்றான் இவன்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"65 என்று சொல்லேன்."