கோவிவனும் பொற்கொற்றியும்
முற்றத்து நாயையும் கோழியையும் நம்மவர் தேர்ந்தெடுத்த வரலாறு

போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது பண்டைத் தமிழர் மரபு என்பதை நாம் அனைவரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒரு நாய்க்கும் சேவலுக்கும் கூட அதே மரியாதை கிடைத்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் தமிழரின் தொன்மை பற்றிப் பேசும்போது நாம் கோபுரத்தையும் செப்புத்திருமேனியையும்தான் காட்டுகிறோம். அவற்றோடு வீட்டு முற்றத்தையும் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாயையும் கோழியையும் நம் முன்னோர் சும்மா வளர்க்கவில்லை. எந்தக் குட்டி, எந்த முட்டை என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வும் ஒரு வரலாறுதான்.

கல்லில் நிற்கும் இருவர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர். அங்குள்ள நடுகல் ஒன்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபட்டதை அது சொல்கிறது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்ற செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் உண்டு, அது செய்த வேலையும் உண்டு. நிறம் என்ன, சாதி என்ன என்று கல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது சேவல். அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சேவலுக்கு எடுத்த கற்கள் கிடைத்துள்ளன. இவை ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரசலாபுரத்துக் கல் முகையூர் மேற்சேரியின் கோழியைப் பற்றியது. இந்தளூர்க் கல்லில் உள்ளது கீழ்ச்சேரிக் கோழி. அதன் பெயர் பொற்கொற்றி. போர்க்களத்தில் மடிந்த சேவலுக்குச் சேரியே கூடிக் கல் எடுத்திருக்கிறது என்றால், அந்தச் சேவல் யாரோ ஒருவருடைய சொத்தாக மட்டும் இருந்திருக்க முடியாது. அது ஊரின் மானமாகவே இருந்திருக்கிறது. சோழரின் பழைய தலைநகரான உறையூருக்கே கோழி என்றொரு பெயர் இருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். யானையை எதிர்த்து நின்ற ஒரு சேவலால் அப்பெயர் வந்தது என்பது மரபுக் கதை.

புலவர் கண்ட முற்றம்

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை ஆகிய இரண்டையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். முதல் நூலில் அந்தணர் இருக்கையை வருணிக்கும்போது, மனையில் வாழும் கோழியும் நாயும் அங்கே நெருங்குவதில்லை என்கிறார். இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். இந்த ஒரு தெருவில் அவை இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், மற்றத் தெருக்களில் அவை வீட்டுக்கு வீடு இருந்தன என்றுதானே பொருள்? இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதையும் பாருங்கள். கோழி இருந்த முற்றத்தில் நாயும் இருந்தது.

பட்டினப்பாலையில் வேறொரு காட்சி. காவிரிப்பூம்பட்டினத்தில் பெண்கள் உணவுத் தானியத்தை வெயிலில் காயவைத்துக் காவல் இருக்கிறார்கள். கொத்த வரும் கோழியை விரட்டக் காதிலிருந்த பொன் குழையைக் கழற்றி வீசுகிறார்கள். செல்வச் செழிப்பைக் காட்டப் புலவர் இதைச் சொன்னாலும், நமக்கு வேறொரு செய்தியும் கிடைக்கிறது. சிந்திய தானியம், காயும் தானியம், அதைத் தேடி வரும் கோழி: இதுதான் கோழி வளர்ப்பின் தொடக்கமே.

காடு விட்டு வீடு வந்த பறவை

இன்றைய அறிவியலும் இதையே சொல்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. 1868இல் வெளியான தம் நூலில் டார்வின், அதுவே ஒரே மூதாதை என்று முடிவு கட்டினார். 2020இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியான்மர் பகுதியின் செங்காட்டுக்கோழியையே நெருங்கிய உறவாகக் காட்டியது. 2022இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஐயமற வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்தவை என்றது. காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில். நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் தானியம் தேடி இந்தப் பறவை தானாகவே மனிதனை நெருங்கியது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து.

டார்வின் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. அது நம் தென்னாட்டைத் தொடுகிறது. கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட தென், மேற்கு இந்தியக் காடுகளில் வாழும் பறவை அது. உலகெங்கும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலுமாகத் திரியும் கோழிகளில் நம் காட்டுப் பறவையின் பங்கு ஒன்று இருக்கிறது.

பொற்கொற்றியின் வழியில் வந்த சண்டைக்கோழியும் உலகைச் சுற்றியிருக்கிறது. அசில் என்று இந்தியா முழுதும் அழைக்கப்படும் சண்டைச் சேவல் இனம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போனது. அங்கே பிற இனங்களோடு கலந்து கார்னிஷ் இனம் உருவானது. அகன்ற நெஞ்சு அதன் சிறப்பு. பிறகு அமெரிக்காவில் அந்தக் கார்னிஷை வெள்ளை பிளிமத் ராக் இனத்தோடு கலந்துதான் இன்றைய பிராய்லர் பிறந்தது. சண்டைக்காக நம் நாட்டார் பொறுக்கியெடுத்த நெஞ்சு, இன்று கறிக்கடைத் தராசில் ஏறுகிறது!

அடை வைத்த கைகள்

சேவலைத் தேர்ந்தவர்கள் ஆண்கள் என்றால், முட்டையைத் தேர்ந்தவர்கள் பெண்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 50, 60 முட்டைதான் இடும். அதில் எது சமையலுக்கு, எது அடைக்கு என்று பிரிப்பது பாட்டியின் பொறுப்பு. மிகப் பெரிதும் வேண்டாம், மிகச் சிறிதும் வேண்டாம். ஓடு கீறியிருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதுவரை கேழ்வரகுப் பானையிலோ குளிர்ந்த மணலிலோ வைத்திருப்பாங்க. கோழி உடம்பைப் புசுபுசுவென்று ஊதிக்கொண்டு, கூட்டை விட்டு எழாமல், கையை நீட்டினால் கொத்த வந்தால், "அடைக்கு வந்துடுச்சு" என்பாங்க. கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, 10, 12 முட்டை வைத்து, இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு, இருட்டான மூலையில் வைப்பார்கள். ஆறேழு நாள் கழித்து முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரு கூடியது தெரியும். கூடாததை எடுத்துவிடுவார்கள்; இல்லையென்றால் கூமுட்டையாகி நாறும்.

இதில் எவ்வளவு அறிவியல் என்று இப்போது தெரிகிறது. குஞ்சு பொரிக்க 21 நாள் வேண்டும். பொரிப்பான் இயந்திரத்தில் வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 18ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனையையும் அடைக்கோழி தன் வயிற்றாலும் அலகாலும் செய்கிறது. கோடை வெயிலில் சேர்த்த முட்டை அடைக்கு ஆகாது என்றார்கள். வெப்பத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும் என்பதே காரணம். இரும்பும் கரியும் என்ன செய்கின்றன என்று கேட்டால், அது நம்பிக்கை. இருக்கட்டும், கெடுதல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாக அடை கிடந்து, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காப்பாற்றி வளர்த்த கோழியின் முட்டையைத்தான் அடுத்த தடவையும் அடை வைத்தார்கள். தாய்மைக் குணமே தலைமுறைதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

குட்டி பார்த்த கண்கள்

நாய் விஷயத்திலும் இதே கண்தான். தென்தமிழகத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் முயல் வேட்டைக்கானவை. ஒல்லி உடம்பு, நீண்ட கால், ஓடுவதைக் கண்டால் துரத்தும் குணம். இராசபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பெயர் பெற்றது. கோம்பை நாய் காவலுக்கு. கன்னி நாயைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் இருந்ததாகச் சொல்வார்கள்.

குட்டி எடுக்கப் போகிறவர் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்ப்பார். கத்தாத குட்டி, முன்னால் வந்து முகரும் குட்டி, தாயின் முன்காம்பைப் பிடித்துக் குடிக்கும் குட்டி என்று பல கணக்கு. இவற்றில் எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. ஆனால் அனுபவசாலிகள் முதலில் கேட்ட கேள்வி, "தாய் எப்படி?" என்பதுதான். கோழி மேயும் முற்றத்தில் படுத்திருக்கும் தாயின் குட்டி, கண் திறந்த நாள் முதல் கோழியைப் பார்த்தே வளரும். 1965இல் ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட நூல், நாய்க்குட்டி ஏறத்தாழ 3 முதல் 12 வாரத்துக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாகக் கொள்கிறது என்று காட்டியது. ஆட்டு மந்தையில் பிறந்து ஆட்டோடு வளரும் இமயமலைப் பக்கத்துக் கத்தி நாயும், அதன் கழுத்தில் சிறுத்தைக்கு அஞ்சிக் கட்டும் முள் பட்டையும் இதே அறிவின் வடநாட்டு வடிவம். டெல்லி, சண்டிகர் பக்கம் வாழும் நம்மவர் இமாசலம் போகும்போது பார்த்திருக்கலாம்.

ஆகவே கோழி வளர்ப்பவர் வேட்டை நாய்க்குட்டியை வயது கடந்தபின் வாங்கிக் கோழிக்குக் காவல் வைத்தால், குற்றம் நாயுடையது அல்ல. அதன் முன்னோரை நாம் எதற்காகத் தேர்ந்தோமோ அதைத்தான் அது செய்யும்.

தேர்வு மாறிய கதை

20ஆம் நூற்றாண்டில் மூன்று மாற்றங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குச் சண்டைகளைக் குற்றமாக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை நாயின் வேலை போயிற்று. இரண்டும் தேவையான சட்டங்களே. ஆனால் வேலை போனபின் நாயை எதைப் பார்த்துத் தேர்வது? நிறத்தைப் பார்த்தார்கள். இராசபாளையம் என்றால் பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும் வேண்டும் என்றாயிற்று. வெள்ளை உடம்போடு நீலக் கண்ணும் சேரும் குட்டிகளில் பிறவிச் செவிடு அதிகம் என்பது மரபியல் அறிந்த செய்தி. காது கேளாத காவல் நாய்! கோவிவனுக்குக் கல் நட்டவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மூன்றாவது மாற்றம் கோழிக்கு வந்தது. ஆண்டுக்கு 300 முட்டை இடும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் நாமக்கல் பண்ணைகளை நிறைத்தன. நாட்டின் முட்டைத் தேவையை அவை தீர்த்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடை கிடக்கும் நாளில் கோழி முட்டை இடாது. அதனால் அடைக் குணமே இல்லாத கோழிகளைத் தேர்ந்து தேர்ந்து அந்த இனத்தை உருவாக்கினார்கள். அதற்குத் தாய்மையே தெரியாது. மின்சாரம் நின்றால் அதன் வம்சமும் நின்றுவிடும்.

மீட்பு முயற்சிகளும் இல்லாமல் இல்லை. உத்தரப்பிரதேசத்தின் இஜ்ஜத்நகரில் 1979இல் அமைந்த மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிறுவனம் அசில் இனத்தைக் கொண்டு புறக்கடைக்கு ஏற்ற நிர்பீக் கோழியை உருவாக்கியது. மத்தியப்பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இராசபாளையமும் ஒன்று. 2020இல் பிரதமரின் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. அதன்பின் குட்டி கேட்போர் கூடினர். கேட்போர் கூடினால் மட்டும் போதுமா? எதைக் கேட்கிறார்கள் என்பதல்லவா முக்கியம்!

நம் பங்கு

ஊரில் வீடும் கொஞ்சம் இடமும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் பல. பணி ஓய்வுக்குப் பின் திரும்பிப் போய் நாலு கோழி, ஒரு நாய் என்று இருக்கலாம் என்ற ஆசை பலருக்கும் உண்டு. அப்படிச் செய்பவர்கள் குட்டி வாங்கும்போது தாயை நேரில் பாருங்கள். காது கேட்கிறதா என்று கை தட்டிப் பாருங்கள். எட்டு வாரத்துக்குமுன் பிரிக்காதீர்கள். கோழியில் நன்றாக அடை கிடக்கும் நாட்டுப் பெட்டை இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். நாம் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் நோய்க்கு இந்தியாவில் இராணிக்கெட் என்று பெயர். உத்தராகண்டின் இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. அதற்குத் தடுப்பூசி உண்டு. பழைய முறையே போதும் என்று அதைத் தவிர்க்க வேண்டாம்.

ஊரில் வயதான அத்தையோ பாட்டியோ இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அடை வைக்கும் முறையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கல்வெட்டை அரசு காக்கும். இந்த அறிவைக் காக்க அதற்கென்று ஒரு துறை இல்லை. அதைக் கேட்டு வைத்துக்கொள்ள நாம்தான் இருக்கிறோம்.