கருவில் மூளையை வளர்க்கும் மரபணுக்கள்

கருவில் மூளை உருவாகும்போது எந்த உயிரணு எத்தனை முறை பிரிய வேண்டும், எங்கே போய்த் தங்க வேண்டும், என்னவாக மாற வேண்டும் என்பதையெல்லாம் நெறிப்படுத்தும் மரபணுக்கள் இவை. சீராக வேலை செய்யும்வரை இவற்றில் பல கண்ணில் படவில்லை. பழுதான பிறகே பிடிபட்டன.

தொடக்கக்காலத் தடயம் ஒன்று எலியிடம் கிடைத்தது. 1951இல் எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர், தள்ளாடி நடக்கும் ஒரு வகைச் சுண்டெலியைப் பற்றி எழுதினார். அதற்கு 'ரீலர்' என்று பெயர். மூளைப் புறணியில் பிந்திப் பிறக்கும் நரம்பணுக்கள் முந்திப் பிறந்தவற்றைக் கடந்து மேலே ஏற வேண்டும்; ரீலரில் அந்த அடுக்கு ஏறக்குறைய தலைகீழாகிவிடுகிறது. காரணமான 'ரீலின்' மரபணு 1995இல்தான் கண்டறியப்பட்டது.

மனிதரில் வழிகாட்டியது பிறவிச் சிறுதலை. இக்குறையோடு பிறக்கும் குழந்தைகளின் மூளை அளவில் மிகச் சிறியது, ஆனால் அமைப்பு பெரும்பாலும் குலையாதது. நடை கைகூடும், பேச்சும் படிப்பும் பின்தங்கும். வட இங்கிலாந்தில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்த ஜெஃப்ரி வுட்ஸ் குழு, 2002இல் ஏஎஸ்பிஎம் என்ற மரபணுவை அறிவித்தது. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கிடும் கதிர்க்கோலின் முனையில் இதன் புரதம் இருக்கிறது. இந்தப் பிரிவில், மூல உயிரணு தன்னைப் போலவே இரண்டாகப் பிரிந்தால் மூல உயிரணுக்களின் கையிருப்பு, அதாவது முதல், பெருகும். சீக்கிரமே நரம்பணுவாக மாறிவிட்டால் முதல் கரையும். தொடக்க வாரங்களில் விழும் சிறு குறை, கூட்டு வட்டிக் கணக்கில் பெரும் இழப்பாகிறது.

இந்தக் கதையில் தென்னிந்தியாவுக்கும் பெரிய பங்குண்டு. மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டும் குடும்பங்களில், ஒரே மூதாதையின் பழுதான பிரதி தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேர வாய்ப்பு அதிகம். இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அருண் குமார், நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர் சதீஷ் கிரிமாஜியுடன் இத்தகைய இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, 2009இல் எஸ்டிஐஎல் மரபணுவின் பழுதும் சிறுதலைக்குக் காரணம் என்று நிறுவினார். ஆய்வேடுகளில் அக்குடும்பங்களுக்குப் பெயரில்லை, குறியீட்டு எண்தான். ஆனால் அவர்கள் ரத்தம் கொடுக்காமல் இந்த வரலாறே இல்லை.

பலன் உடனடியானது. ஸ்கேனில் தலை சிறுத்திருப்பது பல நேரம் பிந்தியே தெரியும். குடும்பத்தின் பழுது இன்னதென்று தெரிந்தால், அடுத்த கருவை 11 முதல் 13 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசு எடுத்தே சோதித்துவிடலாம்.

அளவோடு நிற்காமல் பகுதிகளையும் மரபணுக்கள் பிரிக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபா தோளே குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், எல்எச்எக்ஸ்2 என்ற மரபணு இல்லாத எலி உயிரணுக்கள் புறணியாக மாறவில்லை. அவை பக்கத்துத் திசுவை நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸாக மாறத் தூண்டின. ஒரே மூளையில் கூடுதல் ஹிப்போகேம்பஸ்கள் தோன்றின.

மரபணுவின் பெயர் தெரிந்தால் போதாது, அது வேலை செய்யும் இடமும் தெரிய வேண்டும். 2014இல் அமெரிக்காவின் ஆலன் நிறுவனம், நடுக்கர்ப்பக்கால மூளைகள் நான்கில் எந்தப் பகுதியில் எந்த மரபணு இயங்குகிறது என்று வரைபடமாக்கியது. உயிரணு அளவிலான உருவப்படத்தைச் சென்னை தந்தது. 2024 டிசம்பரில் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இரண்டாம் மும்மாதக் கருமூளைகளின் 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' தொகுப்பை வெளியிட்டது. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.