நெருக்கீடு: ஒரு கருத்தாக்கத்தின் சமூக வரலாறு

நெருக்கீடு உயர் பதவியினரின் நோய் என்னும் எண்ணம் நீண்டகாலம் நிலவியது. பொறுப்பு மிகுந்தவரே இதய நோய்க்கும் குடற்புண்ணுக்கும் ஆளாவர் என்பது அதன் சாரம். இவ்வெண்ணம் வலுப்பெற்றதும் தகர்ந்ததுமான வரலாறு நோக்கற்பாலது.

ஆபத்தின்போது உடல் போரிடவோ தப்பியோடவோ தன்னைத் தயார்செய்கின்றது என ஹாவார்ட் பல்கலைக்கழக உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915இல் விளக்கினார். அதிரினலின் சுரக்கின்றது, இதயத்துடிப்பு விரைகின்றது, சமிபாடு தடைப்படுகின்றது. 1936இல் மொன்றியலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், நஞ்சு, மிகையுழைப்பு என எது தாக்கினும் எலிகளின் உடல் ஒரே வகையான துலங்கலைக் காட்டுவதை எடுத்துரைத்தார். எச்சரிக்கை, எதிர்ப்பு, சோர்வு என அதனை மூன்று கட்டங்களாக வகுத்தார். தாக்கம் நீடிப்பின், காக்கும் தொழிற்பாடே அழிக்கும் தொழிற்பாடாகிவிடுகின்றது.

எனினும், எவருடைய உடலில் அது நீடிக்கின்றது என்ற வினா எஞ்சியிருந்தது. 1958இல் ஜோசப் பிறேடி இரு குரங்குகளுக்கு ஒரே அளவான மின்னதிர்ச்சியை அளித்து, அதனைத் தடுக்கும் நெம்புகோலை ஒன்றிடம் மட்டும் கொடுத்தார். குடற்புண் வந்தது அந்த 'நிர்வாகி'க் குரங்குக்கே. நிர்வாக வர்க்கத்தின் தன்மதிப்பீட்டுக்கு அறிவியற் சான்று கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது. ஆனால், விரைந்து நெம்புகோலை அழுத்திய குரங்குகளே அப்பொறுப்புக்கு முன்னரே தெரிவுசெய்யப்பட்டிருந்தன. பின்னர் ஜே வைஸ் எலிகளில் நடத்திய ஆய்வுகளில், அதிர்ச்சியைத் தடுக்க இயலாதவையே கூடுதலாகப் புண்ணுற்றன.

மனிதரிடையே இதனை உறுதிப்படுத்தியது, பிரித்தானிய அரச ஊழியரிடையே 1967இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வாகும். மைக்கேல் மார்மட்டும் பிறரும் 1978இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கடைநிலை ஆண் ஊழியரின் இதயநாடி நோய் இறப்பு வீதம் உயர்நிலை நிர்வாகிகளினதைப் போல் 3.6 மடங்காகும். புகைத்தலும் குருதியமுக்கமும் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வின் 1997ஆம் ஆண்டு முடிவுகள், தன் வேலைமீது தனக்கு அதிகாரமின்மையை முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகச் சுட்டின.

ஆகவே, பொறுப்பன்று, அதிகாரமற்ற உழைப்பே உடலை அரிக்கின்றது. மூச்சுப்பயிற்சியும் ஓய்வும் துலங்கலைத் தணிக்கலாம். தூண்டலோ உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்டுள்ள முறையில் உள்ளது. அம்முறையை வினாவுக்கு உட்படுத்தாத மருத்துவம் பாதி மருத்துவமே.