பண்ணைவிளைக்கு ஓடி வந்த பிள்ளை

பெருங்குளமும் பண்ணைவிளையும் நம்ம தாமிரபரணிக் கரைச் சீமையில் அக்கம்பக்கத்து ஊர்கள். 1901 மார்ச் மாதம், ஏழு வயசுப் பெண்பிள்ளை ஒன்று பெருங்குளத்திலிருந்து தனியாகப் பண்ணைவிளைக்கு ஓடி வந்தது. பெயர் ப்ரீனா.

சகோதரிகளே, நம்ம நாட்டில் அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1843லேயே சொல்லிவிட்டார்கள். 1860 தண்டனைச் சட்டப்படி, பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை விபசாரத்துக்கு விற்பதும் குற்றம். ஆனா சாமி பேரைச் சொல்லி வீட்டுக்குள்ள நடக்கிறதை யாரு போய்க் கேட்கப் போறா? பிள்ளையைத் தாயே கோயில் தாசிகளிடம் ஒப்படைத்திருந்தாள். தாசிகள் ஒரு காலத்தில் மானிய நிலமும், படிப்பும், ஆட்டமும் பாட்டும் உடையவர்கள்தான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் பொட்டுக்கட்டும் பிள்ளையிடம் சம்மதமான்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

ப்ரீனா அதற்கு முன்பே ஒரு தடவை தப்பித்திருந்தாள். தூத்துக்குடியில் இருந்த அம்மாவைத் தேடி இருபது மைல் போனாள். ஏழு வயசுகூட நிறையாத கால்! பின்னாலேயே தாசி வீட்டுக்காரிகள் வந்துவிட்டார்கள். சாமி கோபத்துக்குப் பயந்து, கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளையின் கையைத் தாயே விலக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தத் தாயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் துணையாகப் பேச அன்று யார் இருந்தார்கள்? திரும்பக் கொண்டுபோனவர்கள் பிள்ளையின் இரண்டு கையிலும் சூடு போட்டார்கள்.

பிறகு ஒரு நாள், சாமிக்குக் கட்டிவைக்கப் போறதாகப் பெரியவர்கள் பேசியது அவள் காதில் விழுந்தது. கட்டுறதுன்னா கயித்தால கட்டி இருட்டுல போட்டுருவாங்கன்னு பிள்ளை நினைத்துக்கொண்டது.

பண்ணைவிளையில் அப்போது ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து அம்மா இருந்தார். "பிள்ளை பிடிக்கிற அம்மா" என்று சொல்லித்தான் தாசி வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். ப்ரீனா அந்தப் பேரையே வழியாகப் பிடித்துக்கொண்டாள். வேதக்கோயில் பக்கம் தனியாக நின்றவளை ஊர்ப் பெண் ஒருத்தி பார்த்து, காலையில் ஏமியிடம் கூட்டிப்போனாள். அந்தப் பெண்ணின் பெயர் பெரிதாக எங்கும் பேசப்படவில்லை. பிள்ளையை வந்த இடத்துக்கே அனுப்பியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

தேடி வந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். "வரமாட்டேன்" என்று பிள்ளையே சொன்னது. ஏமிக்கும் இதில் ஆபத்து உண்டு. பாதுகாவலரிடமிருந்து பிள்ளையை எடுத்தால் கடத்தல் வழக்குப் போடலாம். இருந்தும் அனுப்பவில்லை.

ப்ரீனா சொன்ன விவரங்களால்தான் மற்ற பிள்ளைகளையும் தேடும் வேலை தொடங்கியது. டோனாவூரில் இல்லம் வளர்ந்தது. 1904ல் பதினேழு பிள்ளைகள். கைக்குழந்தைகளும் வந்தன. நெய்யூரில் அந்தக் குழந்தைகளை இரவும் பகலும் பார்த்துக்கொண்டது பொன்னம்மாள் என்ற இளம் விதவை. ஏமியின் பெயரைச் சொல்கிறவர்கள் பொன்னம்மாளையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். 1915ல் அவர் இறந்தார்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் போராடி, 1929ல் கோயில் ஊழியம் செய்யாமலே மானிய நிலம் தாசிகளுக்குச் சொந்தமாக வழி செய்தார். நிலம் கைக்கு வந்தால்தானே அந்த வீட்டை விட்டு வெளியே வர முடியும்! தாசி குலத்திலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கிய சட்டம் 1947ல் வந்தது. பண்ணைவிளைக்குப் பிள்ளை ஓடி வந்து அப்போது நாற்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.